நிலம் மாறியதா, கருவி மாறியதா? செயற்கைக்கோள் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "சார், 2022 ஜனவரி கடைசியில டெல்டாவுல புயல் ஏதாவது அடிச்சுதா?" திரையில் பசுமைக் குறியீட்டின் கோடு, அதாவது பயிர் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் எண்ணின் கோடு. குறுவை, சம்பா, தாளடி என்று வருடா வருடம் அலைபோல ஏறி இறங்கி வந்த கோடு, அந்த ஒரு வாரத்தில் படி தவறியதுபோல் சரிந்திருந்தது. அதற்குப் பிறகு எந்த வருடமும் பழைய உயரத்தைத் தொடவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே சரிவை அதே தேதியில் நானும் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல் அறிக்கையாக எழுதி அனுப்பியும் வைத்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன், முதலில் சில்லறைத் தவறுகள். படத்தைத் தப்பான எல்லையில் வெட்டுவது, மேகத்தின் நிழலை ஏரி என்று நினைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேண்ட் எண்ணை மனப்பாடம் செய்வது

ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவுசெய்யும் ஒவ்வொரு பிரிவும் ஒரு பேண்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையில், லேண்ட்சாட் 5-இல் சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4. லேண்ட்சாட் 8-இல் முன்னால் ஒரு புது நீல பேண்ட் வந்து உட்கார்ந்துகொண்டதால் சிவப்பு 4, அகச்சிவப்பு 5. பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் முதுமலைக் காடு பொட்டலாக வரும். எண்ணை விடுங்கள், நிறத்தின் பெயரை வைத்து எழுதுங்கள்.

மேகம் 5 சதவீதம்தான் என்று நம்புவது

அந்த 5 உங்கள் ஊரின் மேல் இருக்கலாம்.

கோடு கோடாக வரும் படம்

நான் முதன்முதலில் லேண்ட்சாட் 7 படம் இறக்கியபோது அதில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடின. கோப்பு கெட்டுவிட்டது என்று மூன்று முறை டவுன்லோட் செய்தேன், இணைப்பையும் திட்டினேன். கோப்பில் ஒரு குறையும் இல்லை. 2003 மே 31 அன்று அந்தச் செயற்கைக்கோளில் வருடு கோட்டைச் சரிசெய்யும் பாகம் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு அது எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் காணாது. பட்டைகளைப் பக்கத்துப் பிக்சலால் நிரப்பிப் பார்வைக்கு அழகாக்கலாம், அதை வைத்துப் பரப்பளவு எண்ணக் கூடாது.

பணத்தைத் தின்ற தவறு

2022 பிப்ரவரியில் மன்னார்குடிப் பக்கம் தாளடி நெல்லின் நிலைமையைக் கணக்கிடும் வேலை. ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள், ஒரு பிக்சலுக்கு 10 மீட்டர் என்ற அளவில், இலவசமாகக் கிடைக்கின்றன. முந்தைய வருடங்களின் பிப்ரவரியோடு ஒப்பிட்டேன். பசுமைக் குறியீடு 0.76 இருந்த இடத்தில் 0.48. வரைபடத்தில் வயல் வயலாக அபாயச் சிவப்பு.

இந்தத் தவறு ஆளை ஏமாற்றுவதற்குக் காரணம், அதற்கு ஒரு கதை தயாராக இருந்ததுதான். 2021 நவம்பரில் டெல்டாவில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. வேர் அழுகியிருக்கும், பயிர் தேறவில்லை என்று நானே முடிவுகட்டி எழுதிவிட்டேன். அறிக்கையை நம்பி இரண்டு வண்டியில் ஆறு பேர் மூன்று நாள் வயல் வயலாக அலைந்தார்கள். மூன்றாம் நாள் நானும் போனேன். வரப்பில் நின்றிருந்த பெரியவர் ஒரு கதிரை உருவி நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் கசிந்தது. "என்னா தம்பி, பால் புடிச்சு நிக்குது, பட்டுப்போச்சுங்கிறீங்க?"

நடந்தது இதுதான். 2022 ஜனவரி 25 அன்று சென்டினல் 2 படங்களைப் பதப்படுத்தும் முறையை ஐரோப்பிய விண்வெளி முகமை மாற்றியது. அன்றுமுதல் ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000 கூட்டி வைக்கிறார்கள். காரணம் நியாயமானது. ஆழமான நீர், நிழல் போன்ற இருண்ட இடங்களில் திருத்தங்களுக்குப் பிறகு எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும், முன்பு அது வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. பயன்படுத்துகிறவர் 1000-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். நான் படிக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் வருவதுதான் பசுமைக் குறியீடு. நல்ல நெல் வயலில் சிவப்பு 400, அகச்சிவப்பு 3000 என்று வையுங்கள். வித்தியாசம் 2600, கூட்டல் 3400, வகுத்தால் 0.76. இரண்டிலும் 1000 ஏறினால் 1400, 4000. வித்தியாசம் அதே 2600, கூட்டல் மட்டும் 5400. வகுத்தால் 0.48. வெறும் தரையில் சிவப்பு 2000, அகச்சிவப்பு 2600 என்றால் 0.13 என்பது 0.09 ஆகும், அவ்வளவுதான். அதாவது எந்த வயல் செழிப்பாக இருக்கிறதோ அதுதான் அதிகம் அடிவாங்கியதுபோல் தெரியும். பொட்டல் அப்படியே இருக்கும். பயிர்ச்சேதம் என்று நம்ப இதைவிட நல்ல வேஷம் கிடையாது.

இன்னும் எரிச்சலாக இருப்பது இதைப் பிடிக்கப் பத்து நிமிடம் போதும் என்பதுதான். பேருந்து நிலையத்தின் கான்கிரீட் தரை போல மாறாத ஓர் இடத்தை எடுங்கள். குறியீட்டைப் பார்க்காதீர்கள், கான்கிரீட்டில் அது பெரிதாக அசையாது. ஒவ்வொரு பேண்டின் எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லா பேண்டும் ஒரே நாளில் 1000 ஏறியிருந்தால் கான்கிரீட் வெளுத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தேதியை வைத்துக் கழித்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பழைய படங்களையும் புது முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள், 2018 படத்திலும் அந்த 1000 ஒளிந்திருக்கலாம். கோப்பின் பெயரிலேயே முறையின் எண் இருக்கும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். இந்தப் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்கிறவர்கள் 'ஹார்மோனைஸ்ட்' என்று முடியும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

லேண்ட்சாட்டிலும் இதே கூத்து உண்டு. பழைய தொகுப்பில் எண்ணை 0.0001-ஆல் பெருக்கினால் தரை எதிரொளிப்பு கிடைக்கும். இரண்டாம் தொகுப்பில் 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். இணையத்தில் கிடக்கும் பழைய ஸ்கிரிப்டுகளில் இன்னும் முதல் கணக்குதான்.

இந்தத் துறையின் கடந்தகாலம் முழுவதும் இப்படிக் கருவி மாறிய கதைதான். 1972-இல் முதல் லேண்ட்சாட் சுமார் 80 மீட்டர் பிக்சலில் நான்கு பேண்டில் பார்த்தது. 1988-இல் பைக்கனூரிலிருந்து போன நம் ஐஆர்எஸ் 1ஏ தன் இரண்டு வகைக் கேமராக்களில் 72, 36 மீட்டரில் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோத்து 'ஐம்பது வருட மாற்றம்' என்று எழுதுவதற்கு முன், ஒவ்வொரு மூட்டிலும் மாறியது நிலமா கருவியா என்று பாருங்கள்.

பிக்சலைச் சென்ட் கணக்கில் பார்க்காதது

10 மீட்டர் பிக்சல் என்றால் இரண்டரை சென்ட். 30 மீட்டர் என்றால் 22 சென்ட். முதல் லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் ஒன்றரை ஏக்கரைத் தாண்டும். அரை ஏக்கர் வாழைத் தோப்பை 1975 படத்தில் தேடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான்.

தரைச் சூட்டைக் காற்றின் சூடாக எழுதுவது

லேண்ட்சாட் காட்டுவது தகரக் கூரையும் தார் ரோடும் காலை பத்து மணி வாக்கில் எவ்வளவு சுடுகின்றன என்பதை. வானிலை நிலையத்து வெப்பமானி சொல்வது வேறு.

ரேடாரில் கறுப்பெல்லாம் வெள்ளம்

வடகிழக்குப் பருவமழையில் மேகம் விலகாது, அதனால் ரேடார்தான் கதி. வழவழப்பான தண்ணீர் கறுப்பாகத் தெரியும், சரி. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்புதான், வேதாரண்யத்து உப்பளமும் கறுப்புதான். காற்றில் அலையடிக்கும் ஏரி வெளுப்பாகி, தண்ணீரே இல்லாததுபோல் காட்டும்.

தேதி போடாத படம்

குப்பையில் போடுங்கள்.

அடுத்த செயற்கைக்கோள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று காத்திருப்பது

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து அனுப்பிய ரேடார் செயற்கைக்கோளான நிசாரைப் பற்றி ஆர்வமாகக் கேட்கிறார்கள், நானும் ஆவலாகத்தான் இருக்கிறேன். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. நாசாவின் எல் பேண்ட், இஸ்ரோவின் எஸ் பேண்ட் என்று இரண்டு அலைநீளங்களில் ரேடார், 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதை. ஆனால் எல் பேண்டின் அலைநீளம் 24 செ.மீ. அது இலைகளைத் தாண்டி உள்ளே போகும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல் 1-இன் அலை 5.6 செ.மீ., பெரும்பாலும் மேல் இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். ஒரே தோப்பை இரண்டும் வேறு வேறு எண்ணாகச் சொல்லும். பத்து வருடச் சென்டினல் 1 கோட்டின் நுனியில் நிசாரின் எண்ணை ஒட்டவைத்தால், 2025-இல் டெல்டாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இன்னொரு பயிற்சி மாணவர் என்னிடம் ஓடிவருவார்.

அந்தப் பெண் அன்று மாலையே தொகுப்பை மாற்றிவிட்டு மறுபடி வந்தார். சரிவு போய்விட்டது, அலைகள் பழைய உயரத்தில் இருந்தன. "சார், இது என்ன?" என்று திரையைத் தொட்டார். 2021 டிசம்பரில், மூன்று நான்கு கிராமங்களில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பெரிய சரிவுக்குப் பக்கத்தில் இத்தனை நாள் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது. நவம்பர் மழை உண்மையிலேயே மூழ்கடித்த வயல்கள் அவை. என் அறிக்கையில் அந்த ஊர்களின் பெயரைத் தனியாக எங்கேயும் எழுதவில்லை.