கவுண்ட் ஏற்றும் ஊசி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து கிளம்பும்போது மருந்துக் கடையில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்தார்கள். "கவுண்ட் ஊசி, ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க." அவ்வளவுதான் சொன்னது. எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து நான் அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மறுநாள் ஊசி போட வந்த நர்ஸக்கா, உறைந்து கிடந்த சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதைப் போட வேண்டாம் தம்பி, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வேற வாங்கிட்டு வாங்க" என்றார். பணம் போனதைவிட, இதைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தம்தான் அதிகம். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஆறு மாதத்தில் நானும், வார்டில் பழகிய மற்ற குடும்பங்களும் செய்த தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன மருந்து என்று பார்த்துவிடலாம். கவுண்ட் என்று இங்கே சொல்வது ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுவதுதான். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் அப்படித்தான். மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. கிருமி உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிப்போய் நிற்கும் வெள்ளணு அதுதான். கீமோவில் அந்த உற்பத்தி சில நாள் படுத்துவிடும். மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில்களை விரைவாக உண்டாக்கச் செய்யும் ஒரு புரதம் நம் உடம்பிலேயே சுரக்கிறது. ஊசியில் இருப்பது ஆய்வகத்தில் செய்த அதே புரதம். இந்த வகைப் புரதங்களைப் பற்றிய அடிப்படை ஆய்வில் பெரும்பங்கு மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃப் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் உழைத்ததுதான். ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்துக்கு 1991-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தினமும் போடுவது. 2002-இல் வந்த பெக்ஃபில்கிராஸ்டிம் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் என்பதால் ஒரு சைக்கிளுக்கு, அதாவது ஒரு சுற்றுக் கீமோவுக்கு, ஒரு ஊசி போதும். உங்கள் வீட்டில் இருப்பது இந்த இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதே ஒரு தவறு. பெட்டியைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சி வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஃப்ரீசருக்கு ஒட்டின மேல்தட்டும் வேண்டாம். அடிக்கடி திறந்து மூடும் கதவும் வேண்டாம். நடுத்தட்டில், வெளிச்சம் படாமல், அதன் அட்டைப்பெட்டியோடேயே வையுங்கள். பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பேக்கின் மேல் சிரிஞ்சை நேராக வைத்துவிடுகிறார்கள், அங்கேயும் உறைந்துவிடும். நடுவில் ஒரு துணியைச் சுற்றி வைக்க வேண்டும். சிரப்பைப் போல இதைக் குலுக்கவும் கூடாது, புரதம் கெட்டுவிடும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை என்றால் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள். வெளியில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

இன்னொன்று, இது தோலுக்கு அடியில் போடும் ஊசி. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி, இல்லையென்றால் தொடையில், தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் கொடுத்தால் பழக்கத்தில் இடுப்பில் தசைக்குள் போட்டுவிடுவதும் உண்டு. ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் அப்படிப் போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். தோலுக்கு அடியில் என்று எழுதியிருக்கும் சீட்டைக் காட்டி, வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நேரக்கணக்கில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "நாளைக்கு ஒரு தடவை அலைய வேண்டாமே, கீமோ முடிஞ்ச கையோட போட்டுக்கலாமே" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் கேட்டவன்தான். கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் ஆக வேண்டும். ஏனென்றால் ஊசி மஜ்ஜைச் செல்களைப் பெருகச் சொல்கிறது; ரத்தத்தில் இன்னும் இருக்கும் கீமோ மருந்து பெருகுகிற செல்லைத்தான் தேடி அழிக்கிறது. அவசரப்பட்டுப் போட்டால், இளம் செல்களை நாமே கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தியதாகிவிடும். பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டால் அடுத்த கீமோவுக்கு முன் 14 நாள் இடைவெளியும் வேண்டும்.

தினசரி ஊசியில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் இரண்டு ஊசிக்கே கவுண்ட் சட்டென்று ஏறும். அது புதிதாக உண்டானது இல்லை, மஜ்ஜையில் ஏற்கனவே சேமிப்பில் இருந்தவை ரத்தத்துக்கு வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ஏறிடுச்சு, மீதி ஊசி எதுக்கு" என்று குடும்பமே நிறுத்திவிடும். உண்மையான சரிவு அதற்குப் பிறகுதான் வரும். பெரும்பாலும் கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள். அந்தச் சரிவைத் தாண்டி கவுண்ட் மேலே வரும்வரை மருத்துவர் சொன்ன நாள்கணக்கில் போட வேண்டும். செலவு இடிக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்களாக இரண்டு ஊசியைக் குறைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ரிப்போர்ட் படிப்பதிலும் தடுமாறுவோம். மொத்த வெள்ளணு எண்ணிக்கை மட்டும் போதாது, ஏ.என்.சி. என்கிற நியூட்ரோஃபில் கணக்கு வேண்டும். மொத்தம் 2,400, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கணக்கு 480. 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. எதிர்ப்பக்கமும் பயம் உண்டு: ஊசிக்குப் பிறகு மொத்தம் 40,000 என்று வந்தால் ரத்தப் புற்றுநோயும் வந்துவிட்டதோ என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். ஊசியின் வேகத்தில் அப்படி ஏறி, தானாக இறங்குவது வழக்கம். மருத்துவரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாந்திக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனும் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டார்கள், நமக்கு ஏன் போடவில்லை என்று சண்டை பிடிப்பதும் வேண்டாம். எல்லா கீமோவுக்கும் இந்த ஊசி தேவைப்படுவதில்லை. எந்த மருந்துக்கூட்டு, என்ன வயது, வேறு என்ன நோய் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஊசிக்குப் பிறகு இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் விண் விண்ணென்று தெறிக்கும். மஜ்ஜை வேலை செய்கிற இடங்கள் அவை. அம்மா முதல் தடவை மாரடைப்பு என்றே பயந்துவிட்டார். வலிக்குக் கையில் கிடைத்த டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் கொடுக்காதீர்கள். தட்டணு குறைந்திருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும், முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், இடது விலாவுக்குக் கீழே அல்லது இடது தோள்பட்டையில் கடும் வலி, மூச்சுத்திணறல் என்றால் எலும்பு வலி என்று விட்டுவிடாமல் உடனே கிளம்புங்கள். அபூர்வமாக மண்ணீரல் பாதிக்கப்படலாம்.

பப்பாளி இலைச் சாறு டெங்குக்காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு போனது. இப்போது "கவுண்ட் ஏறும்" என்று கீமோ எடுப்பவர்களுக்கும் அரைத்துக் கொடுக்கிறார்கள். டெங்குவில் பேசப்பட்டது தட்டணு. கீமோவில் குறையும் நியூட்ரோஃபிலை அது ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொதிக்க வைக்காத பச்சைச் சாறு, எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரத்தில் ஒரு புது ஆபத்தும்கூட. சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் கொண்டுவருவார்கள், தெரியும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சுடச்சுடச் சமைத்த சாப்பாடு, நன்றாகக் கழுவித் தோலுரித்த பழம், வருகிறவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இதெல்லாம்தான் உண்மையில் உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று இருந்துவிடுவது. ஊசி அந்த ஆபத்தான நாள்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் சீழ், வீக்கம், சிவப்பு எதுவும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். பாராசிட்டமால் கொடுத்து அதையும் அமுக்கிவிட்டால் நமக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கையும் போய்விடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், ராத்திரி இரண்டு மணி ஆனாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவதுதான் முறை.

அம்மாவுக்கு இரண்டாவது சைக்கிளின் 10-ஆம் நாள் அது நடந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரிடம் நான் முதலில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். அப்புறம்தான் நர்ஸக்கா சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, எழுந்து போய்த் திரும்பச் சொன்னேன்: "புற்றுநோய்க்குக் கீமோ போட்டு இன்னைக்குப் பத்தாவது நாள். காய்ச்சல் 101. கவுண்ட் குறைஞ்சிருக்கும்." டிஸ்சார்ஜ் சம்மரியையும் நீட்டினேன். அடுத்த நிமிடமே அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.