பவுண்டை அழுத்தச் சொன்னால் எதை அழுத்துவது?

அமெரிக்காவில் வந்து இறங்கிய முதல் வாரமே எங்காவது போன் போட்டு, பதிவுசெய்த குரலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எனக்கு அது வங்கிக் கணக்கு விஷயமாக அமைந்தது. எண்ணை அடித்துவிட்டு 'பவுண்ட்' அழுத்து என்றது அந்தக் குரல். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பத்து எண்கள், ஒரு ஸ்டார், ஒரு ஹாஷ். பவுண்டைக் காணோம். ஊரில் வாங்கிய போன், அதனால்தான் இல்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி வைத்துவிட்டேன். மறுநாள் அறைத்தோழரிடம் சொன்னால், மனிதர் சிரித்துக்கொண்டே ஹாஷைத் தொட்டுக் காட்டுகிறார்.

சரி, இதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் போனில் பவுண்ட் என்றால் # தான். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது எடை பவுண்டு. லத்தீன் 'லிப்ரா'வின் சுருக்கமாக எல், பி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து, மேலே ஒரு கோடு இழுப்பார்கள். அவசரக் கையெழுத்தில் அதுதான் # ஆனது என்பார்கள். (நம் வீடுகளில் தங்கத்துக்குச் சொல்லும் 'பவுன்' வேறு வழியில் வந்தது. அது ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயர் காலத் தங்கக் காசு.)

அமெரிக்காவில் எண்ணுக்குப் பின்னால் வந்தால்தான் இது எடை. 5# என்றால் ஐந்து பவுண்டு. முன்னால் வந்தால் 'நம்பர்'. பிள்ளையின் பள்ளிப் பட்டியலில் '#2 பென்சில்' என்று இருக்கும். நான் இரண்டு பென்சில் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் கேட்டது பென்சிலின் வகை. ஊரில் நாம் எச்பி என்று வாங்குவோமே, அதேதான்.

லண்டன் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஊரில் போலவே ஹாஷ்தான். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. பவுண்ட் என்று சொன்னால் லண்டன்காரர் £ என்றுதான் எடுத்துக்கொள்வார். மாண்ட்ரியலில் போன் பிரெஞ்சு பேசினால் 'கார்ரே' என்று கேட்கும்; கட்டம் என்று அர்த்தம், அழுத்துவது அதே பொத்தானைத்தான். சிங்கப்பூரில் இது வீட்டு முகவரியிலேயே வரும்: #12-345 என்றால் பன்னிரண்டாம் மாடி, 345ஆம் வீடு.

2007இல் ட்விட்டரில் ஹாஷ்டேக் வந்தபின் அமெரிக்க இளசுகள் குறியையே 'ஹாஷ்டேக்' என்கிறார்கள். பதிவுசெய்த குரல்கள்தான் இன்னும் பவுண்டை விடவில்லை.

அப்புறம், கீபோர்டு. ஊரிலிருந்து கொண்டுபோகும் லேப்டாப் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு: ஷிஃப்டோடு 3 அடித்தால் #. பிரிட்டன் கீபோர்டில் அதே இடத்தில் £ இருக்கும். # என்டருக்குப் பக்கத்தில் தனிப் பொத்தானாக உட்கார்ந்திருக்கும். பிரிட்டன் மேக்கில் அந்தப் பொத்தானும் கிடையாது, ஆப்ஷனோடு 3 அடிக்க வேண்டும். பாஸ்வேர்டில் # வைத்திருந்து, அலுவலகக் கணினி உள்ளே விட மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

போனில் யாருக்காவது பாஸ்வேர்டு சொல்ல நேர்ந்தால் 'மூன்றுக்கு மேலே இருப்பது' என்றும் சொல்லாதீர்கள். எதிரே லண்டன்காரர் இருந்தால் £ போட்டுவிடுவார். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு என்று சொல்லிவிடுங்கள்.