மைலோ டின்னும் மீட்டர் கோலும்: பினாங்கில் உச்சிவேளை பார்ப்பது எப்படி?

எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடியே நானும் 'பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும்' என்று அடித்துச் சொல்லி, ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் ஆண்டு 5 பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போனேன். ஒரு மீட்டர் கோலுக்கு 37 செண்டிமீட்டர் நிழல்! "டீச்சர், சூரியன் இன்னிக்கு லேட்டா?" என்றான் ஒருவன். லேட்டுதான், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதையே பாடமாக்கிவிடலாம்.

பெரிய மைலோ டின்னில் ஈர மணலை நிரப்பி, மீட்டர் கோலை நடுவில் நடுங்கள். கோலின் நுனி தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். இதில் சோம்பல் வேண்டாம், கிழக்கிலோ மேற்கிலோ ஒரு பாகை சாய்ந்தாலே விடையில் 4 நிமிடம் பிசகும்.

அப்புறம் கோலின் அடியை மையமாக வைத்து, கயிறும் சுண்ணாம்புக்கட்டியும் கொண்டு 15, 20, 25 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒன்று போதாதா என்றால், போதும்தான், ஆனால் சரியான நேரம் பார்த்து மேகம் வந்து மறைத்துவிடும்.

12.20-க்கே தொடங்குங்கள், 2.25 வரை ஆகும். அதனால் புறப்பாட நடவடிக்கை உள்ள நாள்தான் வசதி. தொப்பி, தண்ணீர் கட்டாயம். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்த்தால் போதும்.

நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை. நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் கண்ணால் பிடிக்கப் பார்த்தால் பிள்ளைகளுக்குள் சண்டைதான் வரும், வட்டம் என்றால் வாதமே இல்லை. எங்களுக்கு 20 செ.மீ. வட்டத்தில் 12.37, 2.07 என்று வந்தது. நடுநேரம் 1.22, அதுதான் உச்சிவேளை. தொட்ட இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடு இலவசம்.

இனி கணக்கு. ஒரு நாளுக்கு 1440 நிமிடம், அதை 360 பாகையால் வகுத்தால் பாகைக்கு 4 நிமிடம். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. (சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக, 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.) தாமதம் 82 நிமிடம், நான்கால் வகுத்தால் 20.5, அதை 120-இல் கழித்தால் 99.5. பினாங்கு இருப்பது 100.3-இல். ஒரு டின் மணலுக்கு மோசமில்லை! மிச்சப் பிசகு பெரும்பாலும் சூரியனுடையதே, ஏப்ரல் தொடக்கத்தில் அது சராசரியைவிட மூன்று நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆண்டு 5-க்கு அதை விட்டுவிடலாம்.

நாள் தேர்வு செய்ய முடிந்தால் பினாங்கில் ஏப்ரல் 3, 4 அல்லது செப்டம்பர் 8, 9 பாருங்கள், உச்சியில் நிழலே காணாமல் போகும். கோலாலம்பூரில் மார்ச் 28 வாக்கில். டின்னைப் பத்திரமாக வையுங்கள். ஜூன் 21 வாக்கில் உச்சி நிழல் 32 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும், டிசம்பரில் 55 செ.மீ., வடக்கே. ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே வந்து கேட்கட்டும்.