6 முதல் 8 வரை தமிழ் வகுப்பு: ஆசிரியர் முந்திக்கொள்ளும் இடங்கள்

நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுப்பவர்களுக்கு நேரம் எப்போதுமே போதாது. ஒவ்வோர் இயலிலும் செய்யுள், உரைநடை, விரிவானம் (துணைப்பாடம்), இலக்கணம் என்று வரிசை கட்டி நிற்கும். பாதி நடத்துவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். அந்த அவசரத்தில் பிள்ளை செய்ய வேண்டிய வேலையை ஆசிரியரே செய்து கையில் கொடுத்துவிடுகிறார். தமிழ் வகுப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

செய்யுளையே எடுத்துக்கொள்வோம். ஒருமுறை ராகம் போட்டுப் படிப்பது, சொல்லும் பொருளும், பாடலின் பொருள், நூல்வெளி (நூலையும் புலவரையும் பற்றிய குறிப்பு), அப்புறம் மனப்பாடம். இதுதான் வழக்கம். 7-ஆம் வகுப்பில் காவற்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் (86) ஒன்று வருகிறது. மொத்தம் ஆறு அடி. சின்ன வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, ‘உன் மகன் எங்கே?’ என்று கேட்கிறாள். ‘எங்கே இருக்கிறானோ, எனக்குத் தெரியாது. புலி தங்கிவிட்டுப் போன கற்குகை மாதிரி, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது. போர்க்களத்தில் பார்க்கலாம்’ என்கிறாள் தாய். கரும்பலகையில் ‘வீரத்தாயின் பெருமிதம்’ என்று முதலிலேயே எழுதிப் போட்டால் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பாடலுக்குள் தேட என்ன மிச்சம்?

அந்தத் தலைப்பை எழுதாமல் கேள்விகளோடு தொடங்கலாம். வந்தவள் யாராக இருக்கும்? தூணை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்? தாயின் குரலில் பெருமை மட்டும்தானா, கவலையும் இருக்கிறதா? புலி போன பிறகு குகை காலியாகத்தானே இருக்கும் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால், அன்றைக்கு வேறு எதுவும் நடத்தாவிட்டாலும் பரவாயில்லை. அதற்காக யார் என்ன சொன்னாலும் சரி என்று விட்டுவிடுவதும் தவறுதான். ‘பாட்டில் எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். புத்தகத்தில் பொருள் அச்சிட்டிருக்கும் இடத்தை அதுவரை நோட்டால் மூடி வைக்கச் சொல்லலாம்.

மனப்பாடத்தைக் குறை சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு வயதில் மனதில் ஏறிய பாட்டு கடைசிவரை கூட வரும். பொருள் பிடிபடும் முன்பே ஒப்பிக்கச் சொல்வதுதான் பிரச்சினை.

இலக்கண வகுப்பில் நடப்பது வேறு மாதிரி. 7-ஆம் வகுப்பில் குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், வரும். நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர், வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்று ஆறு வகையையும் எடுத்துக்காட்டோடு பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளையின் கட்டுரை நோட்டில் ‘படித்து பார்த்தான்’ என்று இருக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு ‘ப்’ போடுவார். அடுத்த வரியில் இருக்கும் ‘வந்து பார்த்தான்’ என்பதை அப்படியே விட்டுவிடுவார். அங்கே ஒற்று வேண்டும், இங்கே வேண்டாம், ஏன்? பிள்ளை கேட்காது. ஒற்று என்பது வாத்தியார் நினைத்தால் போடுவது, நினைத்தால் விடுவது என்று முடிவு கட்டிக்கொள்ளும்.

காரணம் அது ஒப்பித்த பாடத்திலேயே இருக்கிறது. ‘படித்து’ வன்தொடர்க் குற்றியலுகரம்; கடைசி எழுத்துக்கு முன்னால் ‘த்’ என்ற வல்லின மெய் நிற்கிறது. அப்படி முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும், அதாவது க், ச், த், ப் என்ற ஒற்று கூடுதலாக வரும். ‘வந்து’ மென்தொடர், ‘செய்து’ இடைத்தொடர். இவற்றின் பின் மிகாது. எடுத்துக் கொடுத்தாள், கேட்டுச் சொன்னாள், வந்து பார்த்தாள், செய்து கொடுத்தாள் என்று பாடப்புத்தகத்திலிருந்தே இருபது தொடர்களைப் பொறுக்கி எடுக்கச் சொல்லி, இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதச் சொன்னால், விதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆறு வகையின் பெயரும் அப்போதுதான் எதற்கோ பயன்படுகிறது. இலக்கணத்தை ஒரு நாளும் கட்டுரையை இன்னொரு நாளும் நடத்திவிட்டு, இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்துக் காட்டாமல் விடுவதுதான் இங்கே தவறு.

எழுத்துப்பிழைக்கு நூறு முறை இம்போசிஷன் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மதுரைக்குத் தெற்கே பல ஊர்களில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். காதில் விழுந்தபடி ‘பளம்’ என்று எழுதுகிற பிள்ளை தன் காதுக்கு உண்மையாகத்தான் எழுதுகிறது. அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். அதற்கு நிறைய வாசிப்பதுதான் வழி.

மிகப் பெரிய சேதம் கட்டுரையில்தான். தலைப்பு ‘மழைநீர் சேகரிப்பு’. குறிப்புச்சட்டகம் கரும்பலகையில். முன்னுரையும் முடிவுரையும் ஆசிரியர் வாயிலிருந்து. நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை. திருத்துவதற்கு வசதிதான், ஆனால் அங்கே யாரும் எதையும் எழுதவில்லை. மழைநீரைப் பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கும்? ‘உங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் என்ன நடக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். யார் குடத்தை யார் தள்ளினார்கள் என்பதுவரை வரும்.

அப்படி வரும்போது ‘எங்கம்மா ஓடிப்போயி குடத்த வச்சாங்க’ என்றுதான் முதலில் எழுதுவார்கள். உடனே ‘கொச்சை’ என்று அடித்துவிட்டால் அடுத்த முறை பழைய முன்னுரைக்கே திரும்பிவிடுவார்கள். 7-ஆம் வகுப்புப் புத்தகத்திலேயே பேச்சுமொழியும் எழுத்துமொழியும் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்திவிட்டு, பிள்ளையின் பேச்சுமொழியைப் பிழை என்று சுழிப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. முதல் பிரதி எப்படி வேண்டுமானாலும் வரட்டும். இரண்டாவது பிரதியில் ‘என் அம்மா ஓடிப்போய்க் குடத்தை வைத்தார்’ என்று அவர்களே மாற்றட்டும். லாரிக்காரர் போட்ட சத்தம் மட்டும் மேற்கோள்குறிக்குள் பேச்சாகவே இருக்கலாம். மதிப்பெண் இரண்டாவது பிரதிக்குத்தான்.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சுழிக்காதீர்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். இந்த வாரம் ஒற்று, அடுத்த வாரம் ர-ற என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய விஷயத்தைப் பற்றியும் கீழே ஒரு வரி எழுதுங்கள். ‘குடம் கடைசியில் நிறைந்ததா?’ என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த பத்தியை அதுவே எழுத வைக்கும்.

விரிவானக் கதைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். 6 முதல் 9 வரை படிப்பவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்த ‘தேன்சிட்டு’ இதழோ நூலகத்துக் கதைப்புத்தகமோ கையில் இருந்தால், வாரத்தில் ஒரு பாடவேளை சும்மா படிக்க விடலாம். படித்து முடித்ததும் கேள்வித்தாளை நீட்ட வேண்டாம்.