வெப்சைட் போட்டாச்சு, கூகுளில் காணோமே: சேலம், ஏற்காடு கடைக்காரர்களுக்கு

செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறையோ ஏற்காட்டில் ஹோம்ஸ்டேயோ வைத்திருக்கிறீர்கள், காசு கொடுத்து ஒரு வெப்சைட்டும் போட்டாச்சு, ஆனால் கடை பெயரையே அடித்தாலும் கூகுளில் வரவில்லை என்றால், எஸ்இஓ (தேடலில் மேலே கொண்டுவரும் வேலை) பேக்கேஜ் என்று யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேடல் பெட்டியில் சைட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு கோலன் (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை, அதாவது சைட்டின் முகவரியை, சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும், பிரச்சினை வேறு இடத்தில். ஒன்றுமே வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் அதன் கணக்கிலேயே இல்லை.

வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில் செய்த சைட் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்த சைட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் அங்கே இருக்கும். வேலை நடக்கும்போது டிசைனர் அதில் டிக் போட்டுவைப்பார், முடித்துக் கொடுக்கும்போது எடுக்க மறந்துவிடுவார். அந்த ஒரு டிக்கால் மாதக்கணக்கில் காணாமல் கிடக்கும் சைட்டுகள் உண்டு.

அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல், உங்கள் சைட் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி. இலவசம்தான். சைட் உங்களுடையது என்று நிரூபிக்க, டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பகுதிக்குள் போய் கூகுள் தரும் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டை, அதாவது ஒரு வரி எழுத்தை, சேர்க்க வேண்டும். அது புரியவில்லை என்றால் ஒரு சின்ன ஃபைலை சைட்டில் ஏற்றியும் நிரூபிக்கலாம். இதை டிசைனரே செய்து கொடுக்கட்டும், ஆனால் டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் இடம்), சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கட்டும். நாளைக்கு அவர் போன் எடுக்கவில்லை என்றால் உங்கள் கடைச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டுமா இல்லையா? உள்ளே போனதும் சைட்மேப், அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியல், அதன் முகவரியைக் கொடுங்கள் (வேர்டுபிரஸ் 2020 முதல் சைட்மேப்பைத் தானாகவே உருவாக்கிக் கொள்கிறது). அப்புறம் முக்கியமான நாலைந்து பக்கங்களின் முகவரியை மேலே உள்ள கட்டத்தில் ஒட்டி, இண்டெக்ஸ் செய்ய, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்க்க, சொல்லிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக்கு நாலு தடவை கேட்டால் சீக்கிரம் வந்துவிடாது, அதை கூகுளே சொல்லியிருக்கிறது. சில நாட்களில் வரலாம், சில வாரங்களும் ஆகலாம்.

உள்ளூர் வியாபாரத்துக்கு சைட்டைவிட முதலில் ஆள் கொண்டுவருவது பெரும்பாலும் மேப்பில் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல்தான். ஐந்து ரோட்டில் நின்றுகொண்டு ஒருவர் பக்கத்தில் வெள்ளிக் கடை என்று தேடினால் மேப்போடு சேர்த்து மூன்று கடைகள் மேலே வருகின்றனவே, அந்த இடம். அதில் யார் வருவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. தூரம் நம் கையில் இல்லை. பொருத்தத்துக்கு, முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை. மொத்த வியாபாரமா சில்லறையா என்பதை யோசித்துப் போடுங்கள். கடைப் பெயராக போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். பெயரோடு சேலம் நம்பர் ஒன் கொலுசு ஹோல்சேல் என்றெல்லாம் ஒட்டினால் அது விதிமீறல், யாராவது புகார் செய்தால் புரொஃபைலே முடங்கலாம். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே உங்கள் பட்டறை, பூட்டைத் திறப்பது என்று ஒரே ஓட்டமாக, வெட்டாமல் எடுக்க வேண்டும். வீட்டிலேயே தட்டுவடையோ முறுக்கோ செய்து டெலிவரி மட்டும் கொடுப்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி விஷயம்: மேப்பில் உங்கள் குறி எங்கே விழுகிறது என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏற்காட்டில் குறி கொஞ்சம் தள்ளி விழுந்தாலே விருந்தாளி வேறு எஸ்டேட் பாதையில் ஏறிவிடுவார், ராத்திரி எட்டு மணிக்கு வண்டியைத் திருப்ப இடமில்லாமல் உங்களுக்குப் போன் செய்வார். குறி கேட் வாசலில் இருக்கட்டும். சைட்டில் வழியை எழுத்திலும் எழுதுங்கள், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவது எப்படி, குப்பனூர் வழியாக வந்தால் எங்கே திரும்புவது என்று. மலையில் சிக்னல் போகும் இடத்தில் மேப்பை நம்பிப் பயனில்லை, கிளம்பும் முன் படித்துவைத்தது உதவும்.

ரிவ்யூ கேளுங்கள், கூச்சம் வேண்டாம். புரொஃபைலிலிருந்தே நேர் லிங்க் எடுத்து கியூஆர் கோடாக அச்சடித்து பில் போடும் இடத்தில் வைக்கலாம். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்பது மட்டும் கூடாது, அது விதிக்கு எதிரானது. திட்டி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள், அடுத்து வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

சரி, இனி சைட்டில் என்ன எழுதுவது. என்னைக் கேட்டால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு என்ற ஒற்றைச் சொல்லுக்கு நீங்கள் முதல் பக்கம் வருவது நடக்காத காரியம், அங்கே பெரிய நகைக் கடைகளும் ஆன்லைன் சந்தைகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் யாரும் பதில் எழுதாத கேள்விகள் தினமும் உங்கள் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வருகின்றன. பழைய வெள்ளி எடுத்துக்குவீங்களா? எத்தனை டச் (சுத்தம்)? கறுத்துப் போன கொலுசுக்கு பாலிஷ் போட்டுத் தருவீங்களா? மொத்தமா எடுத்தா குறைந்தது எவ்வளவு எடுக்கணும்? ஹோம்ஸ்டே என்றால் பெரிய வேன் உள்ளே வருமா, நாங்களே சமைச்சுக்கலாமா, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ கிடைக்குமா. ஒரு மாத வாட்ஸ்அப்பைப் பின்னோக்கிப் புரட்டி இவற்றை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள், கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. போனில் கேட்கிற அதே ஆட்கள்தான் கூகுளிலும் அதே மாதிரி கேட்கிறார்கள்.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரே விஷயத்தைச் சுற்றிய கேள்விகளை ஒரே பக்கத்தில் விரிவாகச் சொல்லுங்கள். வெள்ளி விலை தினமும் மாறுவதால் விலையைப் பக்கத்தில் போட முடியாது என்பார்கள், சரிதான், ஆனால் பில் எப்படிப் போடப்படுகிறது என்பதை எழுதலாமே: எடை, அன்றைய ரேட், செய்கூலி, அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி, ஒரு மாதிரிக் கணக்கோடு. இப்படி ஒரு பக்கம் இருந்தால் வாடிக்கையாளர் கடைக்கு வரும் முன்பே பாதி நம்பிக்கையோடு வருவார்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. ஒரே பத்தியை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி என்று பத்துப் பக்கம் போடும் பழைய வித்தை. கூகுள் இதை ஸ்பேம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. சர்ச் கன்சோலில் ஒரு பக்கத்தை வந்து பார்த்தோம், ஆனால் இண்டெக்ஸ் செய்யவில்லை என்று காட்டினால் பல நேரம் அர்த்தம் இதுதான்: அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

தலைப்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகக் கொடுங்கள். முகப்புப் பக்கத்தின் தலைப்பு ஹோம் என்று இருந்தால் ஒரு நல்ல இடத்தை வீணடிக்கிறீர்கள். என்ன தொழில், எந்த ஊர், என்ன பெயர் என்பது அதில் வரட்டும். கீவேர்டு டேக் (பக்கத்துக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) போட்டுத் தருகிறேன் என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. விலைப் பட்டியலையும் அறை விவரத்தையும் போஸ்டர் மாதிரி டிசைன் செய்து படமாக ஏற்றும் பழக்கம் நம் ஊரில் அதிகம், பார்க்க அழகுதான், ஆனால் எழுத்தாக இருந்தால்தான் தேடலில் வரும் என்று நம்பலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டுமென்றால் ஒரே பக்கத்தில் கலக்காமல் தனித்தனிப் பக்கமாக வையுங்கள்.

கூகுள் பார்ப்பது உங்கள் சைட்டின் மொபைல் வடிவத்தை. அதனால் டிசைனர் லேப்டாப்பில் காட்டுவதை நம்பாமல், சாதாரண போனில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் எங்கே இழுக்கிறது என்று சொல்லும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. போனில் எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியதுதான் பெரும்பாலும் குற்றவாளி.

பேக்லிங்க் (வேறு சைட்டிலிருந்து உங்கள் சைட்டுக்கு வரும் லிங்க்) மொத்தமாக வாங்காதீர்கள். உங்களிடம் சரக்கு எடுக்கும் கடையின் சைட், நீங்கள் உறுப்பினராக உள்ள வணிகர் சங்கத்தின் பட்டியல், ஏற்காட்டில் தங்கிவிட்டுப் போய் எழுதுகிறவர்கள், இவர்கள் தரும் நாலு லிங்க் போதும். முதல் இடம் உத்தரவாதம் என்று யார் போன் செய்தாலும் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மொத்த வியாபாரிகள் என்றால் மைக்ரோசாஃப்டின் பிங் தேடலையும் விடாதீர்கள், அலுவலகக் கம்ப்யூட்டர்களில் எட்ஜ் பிரவுசரில் தேடுகிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். சர்ச் கன்சோலில் இருப்பதை அங்கே அப்படியே இறக்குமதி செய்துகொள்ளலாம்.

சில வாரம் கழித்து சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறங்கள். என்னென்ன தேடி உங்கள் பக்கம் கண்ணில் பட்டது என்ற பட்டியல் இருக்கும். பலர் கண்ணில் பட்டும் யாரும் கிளிக் செய்யாத வரிகளைப் பிடித்து, அந்தப் பக்கத்தின் தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்துங்கள்.

சீசன் தொழில்காரர்கள் தேதியைப் பின்னோக்கி எண்ண வேண்டும். மே மாதக் கோடை விழா கூட்டத்துக்கான பக்கத்தை ஏப்ரல் கடைசியில் போட்டால் அது இண்டெக்ஸ் ஆகி மேலே வருவதற்குள் கூட்டம் இறங்கிப் போயிருக்கும். பிப்ரவரியிலேயே போடுங்கள், மாம்பழ மண்டிக்காரர்களுக்கும் இதே கணக்கு. சீசன் முடிந்ததும் பக்கத்தை அழிக்காமல், முகவரியில் வருடத்தைச் சேர்க்காமல், அதே பக்கத்தை அடுத்த வருடத்துக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.