முதலில் ஒத்திகை, பிறகு மேடை: புதுச்சேரியில் ஒரு சிம்பனி குழுவின் ஓராண்டை நடத்துவது எப்படி

புதுச்சேரியில் மேடைக்குப் பஞ்சமில்லை. ஜூன் 21 உலக இசை நாளுக்குத் தெருவே மேடையாகிவிடும். கம்பன் கலையரங்கம் இருக்கிறது, உயரமான கூரை கொண்ட பழைய தேவாலயங்கள் இருக்கின்றன, காந்தி திடல் இருக்கிறது. நிகழ்ச்சி நாளுக்குப் பேனர் வைத்துப் பணம் கொடுக்கவும் ஆள் கிடைப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் நடக்கும் எட்டு ஒத்திகைகளுக்குப் பணம் தர யாரும் தாமாக வரமாட்டார்கள். குழுக்கள் உடைவது அங்கேதான். அதனால் ஆண்டுத் திட்டத்தை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். எத்தனை ஒத்திகை நடத்த முடியும் என்று முதலில் எண்ணுங்கள். வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். பள்ளித் தேர்வு, பண்டிகை, மழை எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 30 முதல் 34 வரை நிற்கும். பாதிப் பேர் மாணவர்களாக இருக்கும் குழுவுக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எட்டு ஒத்திகை வேண்டும். ஆக, ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சிகள். ஐந்தாவதுக்கு ஆசைப்பட்டால் ஐந்துமே அரைகுறையாகும்.

தேதி குறிக்கும்போது வானத்தைப் பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வெளிமேடை வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் ஊரை மூழ்கடித்ததும் இந்தப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் உள்ளரங்கமும், கிறிஸ்துமஸை ஒட்டித் தேவாலயப் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சியும் போதும். கடற்கரைக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஆனால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் வண்டி நகராது, அந்த நாளைத் தவிருங்கள். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம். வாசிக்கவும் கேட்கவும் பிள்ளைகள் வரமாட்டார்கள். கணக்கு முடிப்பதையும் கருவிப் பழுதையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்கள். முதல் ஆண்டில் 20 தந்திக் கலைஞர்கள் போதும்: முதல் வயலின் 6, இரண்டாம் வயலின் 5, வியோலா 4, செல்லோ 3, டபுள் பேஸ் 2. வயலின் எளிதாகக் கிடைக்கும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாதான் கிடைக்காது. வியோலா வரியை மூன்றாவது வயலினுக்குக் கொடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். வயலினின் கடைசித் தந்தி ஜி-யோடு நின்றுவிடும், வியோலாவுக்கு அதற்கும் கீழே சி தந்தி உண்டு. கீழ்ச் சுரங்கள் விழுந்துவிட்டால் குழுவின் நடுக்குரலே காணாமல் போகும். ஆர்வமுள்ள இரண்டு மூன்று வயலின்காரர்களிடம் வியோலாவைக் கொடுத்து, அதற்குரிய க்ளெஃபை (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறியை) படிக்க மூன்று மாத அவகாசம் தருவதுதான் சரியான வழி.

கர்நாடக வயலின் வாசிப்பவர்கள் நம் ஊரில் நிறைய. சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் கருவியை அப்படியே மாற்றச் சொல்லாதீர்கள். ச-ப-ச-ப என்று பாடகர் சுருதிக்குத் தளர்த்திக் கட்டிய தந்தியை ஒரேயடியாக ஜி-டி-ஏ-இ என்ற மேற்கத்தியச் சுருதி அளவுக்கு முறுக்கினால் தந்தி அறும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் சாயும். அவருக்கு வேறொரு வயலின் கொடுங்கள். மேற்கத்திய பாணி மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் தொடங்கினால் அவர்களுக்கு மெட்டு பழக்கம், மற்றவர்களுக்குத் தாளம் எளிது. முதல் ஒத்திகையிலேயே குழு ஒரே குழுவாகும்.

இரண்டாம் ஆண்டில் காற்றுக் கருவிகளைச் சேர்க்கலாம். மொசார்ட்டின் 29-வது சிம்பனிக்குத் தந்திகளோடு இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் போதும். இந்த நால்வரும் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் வரவேண்டியிருக்கும். கடைசி இரண்டு ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் சேர்த்து அழையுங்கள். வார இறுதியில் இங்கே லாட்ஜ் வாடகை எகிறும், அதனால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் வையுங்கள். கிளாரினெட், ட்ரம்பெட் தேவைப்பட்டால் பேண்டு வாத்தியக் குழுக்களில் கேளுங்கள். நோட்டேஷன் படிப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

நிகழ்ச்சிக்குப் பத்து வாரம் முன்பே பார்ட் தாள்கள், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைத் தாள்கள், கைக்குப் போக வேண்டும். போவதற்கு முன் ஒவ்வொரு பிரிவின் தலைவரும் வில் மேலே போவதா கீழே வருவதா என்று பென்சிலால் குறிக்க வேண்டும், அந்தக் குறியோடுதான் நகல் எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் மூன்று ஒத்திகை வில் சண்டையிலேயே கழியும். ஏ4-இல் சுருக்கி நகல் எடுக்காதீர்கள். ஒரு ஸ்டாண்டை இருவர் பகிர்வதால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஏ3-ஐ மடித்துத் தைத்தால் சரியாக வரும். இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால் இந்தியாவில் அவர் இசைக்குப் பதிப்புரிமை இல்லை. சினிமாப் பாடலைக் குழுவுக்கு ஏற்ப எழுதுவதானால் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

எட்டு ஒத்திகையில் முதல் நான்கைப் பிரிவு பிரிவாகவும் அடுத்த மூன்றை முழுக் குழுவாகவும் நடத்துங்கள். எட்டாவதை அரங்கத்திலேயே நடத்துங்கள். தேவாலயம் என்றால் இது கட்டாயம். உயரமான கூரையில் எதிரொலி நீளும், வேகமான பகுதிகள் குழம்பிக் கேட்கும். கண்டக்டர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

உப்புக் காற்றை அலட்சியம் செய்யாதீர்கள். ஈரத்தில் மரம் ஊதி, தந்தியைச் சுற்றும் பெக் இறுகும், வெயிலில் சுருங்கித் தானாகக் கழன்று தந்தி தளரும். தந்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்தால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் செத்திருக்கும். அப்படியானால் தந்திகளை முழுதும் இறக்கிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தந்தியை ஏற்றி வாசிக்க முயன்றால் மேல்பலகை பிளக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத மானியும் இருக்கட்டும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோசின் பொடியையும் வியர்வையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளிமேடைக்குப் போய் வாசிக்காதீர்கள். சூட்டில் தந்தியின் சுருதி இறங்கும், ஓபோவின் சுருதி ஏறும். கால் மணி நேரம் கருவியை வெளியே வைத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள்.

மேடைக்கு ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இடம். பந்தல்காரரிடம் கைப்பிடி இல்லாத நாற்காலி என்று அழுத்திச் சொல்லுங்கள். கைப்பிடி இருந்தால் செல்லோவும் வில்லும் இடிக்கும். டைல்ஸ் தரையில் செல்லோவின் அடியில் ஊன்றும் முள் வழுக்கும், கீழே கயிற்றுப் பாய் போடுங்கள். கடற்கரையில் ஸ்டாண்டுக்கு நான்கு துணி க்ளிப். ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வாங்கி, இரவு 10 மணிக்குள் முடியுங்கள்.

ஒரே ஒத்திகையில் இரண்டு மேடை பாருங்கள். புதுச்சேரியில் வாசித்ததை மறுநாள் கடலூரில் வாசித்தால் கூடுதல் செலவு வண்டிக்கும் அரங்குக்கும்தான். டபுள் பேஸுக்குத் தனியாக ஒரு குட்டியானை (சிறு சரக்கு வண்டி) வேண்டும். வேனுக்குத் தமிழ்நாடு பெர்மிட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பள்ளிகளுக்கு நால்வர் போனால் போதும், 40 நிமிடம். பேச்சைக் குறைத்து, பிள்ளைகள் செல்லோவின் உடம்பில் உள்ளங்கை வைத்து அதிர்வை உணரட்டும். பிறகு ஒரு பிள்ளையை நிறுத்தி வில்லை இழுக்கவிடுங்கள். ஆர்வம் காட்டும் பிள்ளைக்குக் கருவியை இரவல் கொடுங்கள். ஏழு வயதுக்குக் கால் அளவு, ஒன்பதுக்கு அரை, பதினொன்றுக்கு முக்கால் என்று கையின் நீளம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளர்ந்துகொள்வான் என்று பெரிதாகக் கொடுத்தால் இடது மணிக்கட்டு வளைந்து பழகிவிடும்.

பணத்துக்கு வருவோம். கோவிலில் ஒரு நாள் உபயம் ஏற்பது நம் மக்களுக்குப் பழக்கம். ஒத்திகையையும் அப்படியே உபயமாக்குங்கள். அரங்க வாடகை, டீ, தாள், கருவிப் பராமரிப்பு, ஆசிரியர் சம்பளம் ஐந்தையும் கூட்டி ஒரு ஒத்திகைக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். பிறந்த நாளுக்கோ, பெற்றோர் நினைவு நாளுக்கோ ஒரு குடும்பம் அதை ஏற்கட்டும். அன்று அவர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். நிகழ்ச்சித் தாளில் எட்டு ஒத்திகைக்கும் எட்டுப் பெயர் போடுங்கள்.

சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். 80ஜி எனப்படும் வருமானவரி அனுமதி வாங்கினால் நன்கொடையாளருக்கு, பழைய வரி முறையில் இருந்தால், வரிச்சலுகை கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, வங்கி வழியே வாங்குங்கள். டிக்கெட்டை 500 ரூபாய்க்குள் வைத்தால் ஜிஎஸ்டி இல்லை. நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழராக இருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும், அவர் நன்கொடை வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அவர் டிக்கெட் வாங்கி வருவதில் தடையில்லை.

மார்ச்சில் பார்ட் தாள்களைத் திரும்ப வாங்கி, ஸ்டாண்டு வாரியாக எண்ணி, உறையிலிட்டு உலர்ந்த பீரோவில் வையுங்கள். பென்சில் குறிகளை அழிக்க வேண்டாம். அதே இசையை மறுபடி எடுக்கும்போது ஆறு ஒத்திகையில் மேடைக்குப் போய்விடலாம்.