பழைய புல்லட்டில் 5 ஸ்பீடு கியர்பாக்ஸ்

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் 4 ஸ்பீடு ஆல்பியன் (அதைச் செய்த கம்பெனியின் பெயர்) கியர்பாக்ஸுக்குப் பதில் பின்னாளைய 5 ஸ்பீடு பாக்ஸ் மாட்டினேன். வாங்கும்போது வலதுகால் கியர் உள்ளதாகப் பாருங்கள். இடதுகால் பாக்ஸ் என்றால் பிரேக் பெடலையும் இடம் மாற்ற வேண்டிவரும், வேலை இரட்டிப்பு.

பாக்ஸ் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) பின்னால் 4 ஸ்டட்டில் (மரையுள்ள கம்பி) நிற்கிறது. பிரைமரி (எஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின் உள்ள பெட்டி) ஆயிலை வடித்து, ஆல்டர்னேட்டரின் ரோட்டரைக் கழற்றி, எஞ்சின் ஸ்பிராக்கெட் (பல்சக்கரம்), டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) செயின், கிளட்ச் மூன்றையும் ஒன்றாகவே இழுங்கள்.

முக்கியம் அலைன்மென்ட். எஞ்சின் ஸ்பிராக்கெட்டும் கிளட்ச் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விலகினால் செயினின் பக்கத்தட்டு பளபளவென்று தேயும்; ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யலாம். செயின் ஆட்டம் சுமார் 6 மி.மீ., அதுவும் பல இடங்களில் சுற்றிப் பார்த்து, இறுக்கமான இடத்தில் அளந்தது.

பழைய கிளட்ச் புஷ்ராடை (கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பி) அப்படியே போடாதீர்கள். நீளம் கூடினால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், குறைந்தால் விடுபடாமல் கியர் கரகரக்கும். லீவரில் 2 மி.மீ. ஆட்டம் வையுங்கள்.

ஆல்பியனுக்கு ஊற்றும் கிரீஸ் இதற்கு ஆகாது, எண்ணெய் மட்டுமே. ஆல்பியனில் இருந்த நியூட்ரல் ஃபைண்டர் (ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் தனி லீவர்) போய்விடும். எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.